டாக்சி லைசன்ஸ் என்பது ஒரு தாள் அல்ல

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் இரண்டாம் தளத்தில் ஓர் அன்ரி இருக்கிறார். அவருடைய மூத்த மகன் லண்டனில் இருக்கிறார். "மகன் அங்க டாக்சி ஓடுறான். அந்த லைசன்ஸ் எடுக்க மூன்று நாலு வருசம் லண்டன் ரோட்டு முழுக்கப் பாடமாக்க வேணுமாம்" என்று அவர் லிஃப்டுக்குள் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். மகன் விடுமுறையில் வந்தபோது இதைப் பற்றி விசாரித்தேன். தான் அப்படி எதையும் பாடமாக்கவில்லை என்றும், விண்ணப்பித்துச் சில மாதங்களில் அட்டை கைக்கு வந்துவிட்டது என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தாயும் பொய் சொல்லவில்லை, மகனும் பொய் சொல்லவில்லை. தாய் சொன்னது லண்டனின் கறுப்பு டாக்சியைப் பற்றிய கதை. மகன் ஓடுவது அங்கே மினிகேப் என்று அழைக்கப்படும் முன்பதிவு வாடகைக் கார். இரண்டும் ஒரே தெருவில் ஓடினாலும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு தொழில்கள்.

கொழும்பிலும் இதே குழப்பம் வேறு உருவத்தில் இருக்கிறது. காலி வீதியில் பொலிஸார் மறித்து லைசன்ஸ் கேட்டால் அது சாரதி அனுமதிப்பத்திரம். "வண்டிக்கு லைசன்ஸ் முடியப்போகுது" என்று ஒருவர் பதறினால் அது வருமான அனுமதிப்பத்திரம். "ஓட்டோவுக்கு லைசன்ஸ் எடுத்தாச்சு" என்று இன்னொருவர் சொன்னால் அது மாகாண அதிகார சபையின் பதிவாகவும் இருக்கலாம். ஒரே சொல் மூன்று தாள்களுக்கும் பயன்படுவதால், "ஹயர் ஓட லைசன்ஸ் இருக்கா?" என்ற கேள்விக்கு எல்லோரும் "இருக்கு" என்றுதான் பதில் சொல்கிறார்கள். எந்தத் தாள் எந்தக் கேள்விக்கு விடை என்பதைப் பிரித்துக் காட்டவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இந்த முறை மிகத் தெளிவாகப் பிரிந்து கிடக்கும் இடம் இங்கிலாந்து என்பதால் முதலில் அங்கே சென்றுவிட்டுப் பிறகு கொழும்புக்குத் திரும்புவோம்.

கொத்துக் கடையில் கேட்கப்படும் மூன்று கேள்விகள்

ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் கொத்துப் போடுபவரைப் பார்ப்பார். நகம் வெட்டியிருக்கிறதா, கையில் புண் இருக்கிறதா, தொற்றுநோய் ஏதும் உண்டா என்று கவனிப்பார். அடுத்ததாகச் சமையலறையைப் பார்ப்பார்: கல், பலகை, கழிவுநீர், எலி. மூன்றாவதாகக் கடை யாருடைய பெயரில் இருக்கிறது, மாநகர சபையின் வியாபார அனுமதி யாரிடம் இருக்கிறது என்று கேட்பார். சமைப்பவர் தங்கமான மனிதராக இருந்தாலும் சமையலறை அழுக்காக இருந்தால் கடைக்குப் பூட்டுத்தான். இரண்டும் சுத்தமாக இருந்து பொறுப்பாளர் யார் என்று தெரியாவிட்டால், நாளை ஒருவருக்கு வயிற்றோட்டம் வரும்போது யாரைத் தேடிப் போவது?

வாடகைக்கு ஆள் ஏற்றும் தொழிலிலும் இதே மூன்று கேள்விகள்தாம். ஓட்டுபவர் யார்? ஓடுகிற வண்டி எப்படிப்பட்டது? இந்தப் பயணத்தை ஏற்றுக்கொண்டு அதற்குப் பொறுப்பாக நிற்பவர் யார்? முறையான அனுமதி ஏற்பாடு என்பது இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் தாளில் பதில் வாங்கி வைப்பதாகும்.

கொத்துக் கடையிலிருந்து இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம். தெருவில் போகிறபோது பசித்துக் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைவது ஒரு வகை. பிறந்தநாளுக்கு நாற்பது பார்சல் வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்து, விலை பேசி, முன்கூட்டியே சொல்லி வைப்பது இன்னொரு வகை. இரண்டாவது ஆளுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. முதல் ஆளுக்கு அது இல்லை, அவர் நம்பி உட்காருகிறார். வாடகை வாகனச் சட்டத்தின் பாதி இந்த வேறுபாட்டின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

கை காட்டினால் நிற்பதும், அழைத்தால் வருவதும்

பேச்சில் நாம் எல்லா வாடகைக் காரையும் டாக்சி என்கிறோம். இங்கிலாந்துச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குக் குறுகிய பொருள் மட்டுமே உண்டு. தெருவில் ஓடிக்கொண்டோ தரிப்பிடத்தில் நின்றுகொண்டோ, முன்பதிவு எதுவும் இல்லாமல், கை காட்டும் பயணியை அந்த இடத்திலேயே ஏற்றிக்கொள்ள உரிமை பெற்ற வாகனமே டாக்சி. பழைய சட்டங்கள் இதை ஹேக்னி வண்டி என்கின்றன. குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. லண்டனுக்கு வெளியே இன்றும் டாக்சிகளை ஆளும் சட்டம் 1847 ஆம் ஆண்டினது. லண்டனுக்குரியது 1869 ஆம் ஆண்டினது.

முன்பதிவு வாடகைக் கார், அதாவது பிரைவேட் ஹயர், இதற்கு எதிர்ப்பக்கம். தொலைபேசியிலோ செயலியிலோ நேரில் அலுவலகத்துக்குப் போயோ முன்கூட்டியே பதிவு செய்த பயணியை மட்டும் அது ஏற்றலாம். வழியில் நின்று கை காட்டுபவரை ஏற்றுவது குற்றம். அந்தக் காரின் கூரையில் டாக்சி என்ற எழுத்தைப் போடவும் முடியாது. டாக்சித் தரிப்பிடத்தில் நின்று ஆள் பிடிக்கவும் முடியாது. லண்டனில் கறுப்பு டாக்சிகள் பெரும்பாலான பஸ் ஒழுங்கைகளில் போகலாம், மினிகேப்புகள் போக முடியாது. அன்ரியின் மகன் சொன்னது நினைவுக்கு வருகிறது. ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்துக்கு முன்னால் மழைக்குள் குடையும் இல்லாமல் ஆட்கள் கை காட்டுவார்களாம். கார் வெறுமையாக நிற்கும். அவர் கண்ணாடியைக்கூட இறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அடுத்த பதிவுக்காகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். கொழும்பில் ஓட்டோ பிடித்து வளர்ந்த நமக்கு இது பெரிய அநியாயமாகத் தோன்றும்.

ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குத் தெருவோரத்தில் நின்று கை காட்டுபவர், வருகிற வண்டி யாருடையது என்று அறியமாட்டார். வேறு இடத்தில் விலை கேட்டு ஒப்பிட முடியாது. அவர் ஏறினார் என்பதற்கு எங்கும் பதிவு இல்லை. அவருக்குப் பதிலாக அரசே முன்கூட்டி எல்லாவற்றையும் சோதித்து வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் லண்டன் டாக்சியின் கட்டணத்தை அந்நகரின் போக்குவரத்து அதிகார சபையே தீர்மானிக்கிறது. மீற்றர் கட்டாயம். எந்தப் பயணியும் தூரத்திலிருந்தே அடையாளம் காணும்படி வண்டியின் அமைப்புக்கும் விதிகள் உண்டு. சாரதியோ, அன்ரி சொன்ன அந்தப் பாடத்தைப் படித்தே ஆகவேண்டும். 1865 முதல் நடந்துவரும் அந்தச் சோதனைக்கு நொலேஜ் என்று பெயர். நகரின் நடுவிலுள்ள சாரிங் குறொஸ்ஸிலிருந்து ஆறு மைல் சுற்றுவட்டத்துக்குள் இருக்கும் ஏறக்குறைய 25,000 தெருக்களையும், அவற்றை இணைக்கும் 320 பாதைகளையும் மனத்தில் ஏற்றி, பரிசோதகர் முன்னால் உட்கார்ந்து வாயால் ஒப்புவிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

முன்பதிவு செய்பவருக்கு இவ்வளவு காவல் தேவையில்லை என்பது சட்டத்தின் கணக்கு. அவர் விலையைக் கேட்டுப் பிடிக்காவிட்டால் விடலாம். எந்த நிறுவனம் என்று தெரியும். பதிவு இருக்கிறது. ஆகவே கட்டணத்தைச் சந்தையிடம் விட்டுவிட்டு, அந்தப் பதிவை ஏற்கும் நிறுவனத்தின்மேல் சட்டம் கையை வைக்கிறது. லண்டன் மினிகேப்பில் மீற்றர் பொருத்துவதே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஊபர் வந்தபோது, கைபேசிச் செயலி தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிறதே, அதுவும் மீற்றர்தானே என்று டாக்சிச் சாரதிகள் வாதாடினார்கள். செயலி மீற்றர் ஆகாது என்று 2015 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் வரையறைக்காக ஒரு நகரமே வழக்காடியது என்றால் அந்த வரையறைக்குள் எவ்வளவு பேரின் சோறு இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால், டாக்சியையும் முன்பதிவுக் காரையும் பிரிப்பது பயணி வண்டியைக் கண்டடையும் முறையே. வண்டியின் நிறமோ அளவோ இதில் முக்கியமில்லை.

மூன்று பூட்டுகள்

மினிகேப்புகள் லண்டன் தெருவில் பெருமளவில் தோன்றியது 1961 இல். சட்டத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, தெருவில் ஆள் பிடிக்காமல் தொலைபேசியில் மட்டும் பதிவு எடுத்ததால் அவை டாக்சி இல்லை என்று தப்பித்துக்கொண்டன. லண்டனுக்கு வெளியே 1976 இல் சட்டம் வந்தது. லண்டனுக்கு 1998 இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தலைநகரில் கார் வைத்திருக்கும் யாரும் மினிகேப் ஓடலாம் என்ற நிலை இருந்தது. அந்த அனுபவத்தால்தான் புதிய சட்டம் மூன்று பூட்டுகளைப் போட்டது.

முதலாவது சாரதிக்கான அனுமதி. இதைச் சாதாரண சாரதி அனுமதிப்பத்திரத்தோடு குழப்பிக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறு. சாதாரண அனுமதிப்பத்திரம் "இவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா" என்று மட்டும் கேட்கிறது. தொழில் அனுமதியோ, பெட்டியோடு தனியாக வந்திறங்கும் ஓர் இளம்பெண்ணை நள்ளிரவில் இவருடைய பின் ஆசனத்தில் நம்பி உட்கார வைக்கலாமா என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு ஓட்டத் தெரிவது பதில் ஆகாது. ஆகவே லண்டனில் மினிகேப் சாரதிக்கு வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். முழுமையான சாரதி அனுமதிப்பத்திரம் குறைந்தது மூன்று ஆண்டுகள் கையில் இருந்திருக்க வேண்டும். குற்றப் பதிவுகள் ஆழமாகத் தேடப்படும். மருத்துவச் சோதனை உண்டு. வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கும் திறனும் ஆங்கில அறிவும் சோதிக்கப்படும். சட்டம் இதற்குப் பயன்படுத்தும் சொற்றொடரைத் தமிழில் "தகுதியும் நம்பகமும் உள்ள ஆள்" எனலாம். நீதிமன்றம் தண்டிக்காத ஒருவரைக்கூட, முறைப்பாடுகளைப் பார்த்து நம்பகமற்றவர் என்று கருதினால், அதிகார சபை அனுமதியை நீக்கலாம். பொதுவாக இந்த அனுமதி மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது.

இரண்டாவது வாகனத்துக்கான அனுமதி. எட்டுப் பயணிகள் வரை ஏற்றும் வாகனங்களுக்குத்தான் இது. அதற்கு மேல் போனால் அது பஸ் சட்டத்துக்குள் போய்விடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். லண்டனில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பொறியியல் சோதனை உண்டு. வாடகைப் பயணத்துக்குரிய காப்புறுதி இருக்க வேண்டும். அனுமதி பெற்ற வாகனத்தின் முன்பின் கண்ணாடிகளில் ஒட்டுவதற்கு அடையாளத் தாள் தருவார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லண்டனுக்கு வெளியே, ஒரு கார் இப்படி அனுமதி பெற்றுவிட்டால் அது எந்நேரமும் வாடகைக் காராகவே கருதப்படும். ஞாயிற்றுக்கிழமை மரக்கறி வாங்கக் கூட அந்தச் சாரதியின் மனைவி அதை ஓட்டிச் செல்ல முடியாது, அவரும் தொழில் அனுமதி வைத்திருந்தால் ஒழிய. வண்டிக்குக் கொடுத்த அனுமதி சாரதிக்குக் கொடுத்த அனுமதி அல்ல என்பதை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது: ஒப்பரேட்டருக்கான அனுமதி. ஒப்பரேட்டர் என்பவர் பயணியின் பதிவை ஏற்று, அதற்கு ஒரு சாரதியையும் வாகனத்தையும் அனுப்புபவர். அது ஆயிரக்கணக்கான கார்களை நடத்தும் செயலி நிறுவனமாக இருக்கலாம், மூலைக்கடையில் ஒரு மேசையும் தொலைபேசியும் வைத்திருக்கும் தனி ஆளாகவும் இருக்கலாம். ஒரே ஒரு காரை வைத்துத் தானே ஓட்டுபவர்கூட, தன் பதிவுகளைத் தானே ஏற்பதானால் இந்த அனுமதியை எடுக்க வேண்டும். பயணம் தொடங்குவதற்கு முன் பதிவை எழுதி வைப்பது, யார் ஓட்டினார், எந்த வண்டி போனது என்பதைப் பாதுகாத்து வைப்பது, அனுமதி பெற்ற சாரதியையும் வாகனத்தையும் மட்டுமே அனுப்புவது ஆகியவை அவருடைய கடமைகள். பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கு இந்த அனுமதி கிடைக்கும். கறுப்பு டாக்சி தெருவில் ஆள் ஏற்றுவதற்கு ஒப்பரேட்டர் தேவையில்லை, ஏனென்றால் அங்கே பதிவே இல்லை. அந்த இடத்தைக் கடுமையான சாரதிச் சோதனையும் மீற்றரும் நிரப்புகின்றன.

மூன்று பூட்டுகளும் ஒரே அதிகார சபையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆனால் வண்டி அந்த எல்லைக்குள்தான் ஓட வேண்டும் என்று விதி இல்லை. வுல்வர்ஹம்டன் நகர சபையில் மூன்றையும் எடுத்தவர் மன்செஸ்டரில் நாள் முழுக்க ஓடலாம், பதிவை ஏற்பவர் வுல்வர்ஹம்டன் அனுமதி பெற்றவராக இருக்கும் வரை. இது அங்கே பெரிய சர்ச்சை. எந்த நகர சபை தன் தெருவில் ஓடும் காரைக் கட்டுப்படுத்துகிறது என்பது மங்கிப்போகிறது என்பதே முறைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆக, சாரதி, வாகனம், பொறுப்பாளர் என்று மூன்று அனுமதிகள். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. இப்போது கொழும்புக்கு வருவோம்.

கொழும்பில் எந்தத் தாள் எதைச் சொல்கிறது

இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதன் கீழ் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் சாரதி அனுமதிப்பத்திரத்தை வழங்குகிறது. அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறு சிறு வண்டிப் படங்களும், பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும், திகதிகளும் இருக்கும். பி1 என்பது முச்சக்கர வண்டி. பி என்பது சாரதியோடு ஒன்பது ஆசனங்களுக்கு மேற்படாத கார், வான் வகை. அதற்கு மேல் ஆசனம் உள்ள சிறிய பஸ்ஸுக்கு டி1 வேண்டும். மருத்துவச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் எடுக்கிறோம். நுகேகொடையில் விடியற்காலை வரிசையில் நின்ற அனுபவம் பலருக்கும் இருக்கும்.

இந்த அட்டை வண்டியின் வகையை மட்டும்தான் சொல்கிறது. தன் பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிடும் தகப்பனிடமும், இரவெல்லாம் முன்பின் தெரியாதவர்களை ஏற்றி இறக்கும் சாரதியிடமும் ஒரே பி எழுத்துத்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் முதலாவது பூட்டு கேட்கும் கேள்வியை இந்த அட்டை கேட்பதில்லை. சுற்றுலாத்துறையில் நிலைமை சற்று வேறு. வெளிநாட்டுப் பயணிகளைச் சுற்றிக் காட்டும் சாரதி வழிகாட்டிகளுக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பயிற்சி கொடுத்துத் தனி அனுமதி வழங்குகிறது. வெள்ளைக்காரருக்குக் கேட்கும் கேள்வியைப் பம்பலப்பிட்டியில் ஏறும் நம் பாட்டிக்கும் கேட்கலாம் அல்லவா என்று நான் சில வேளை நினைப்பதுண்டு.

அடுத்து வண்டியின் தாள்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தைத்தான் பெரும்பாலானோர் "வண்டி லைசன்ஸ்" என்கிறார்கள். அதன் பெயரே அது என்னவென்று சொல்லிவிடுகிறது: வருமானம். மாகாண சபைக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்துக்கான ஆதாரம் அது. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் செல்லுபடியான காப்புறுதியும் இருந்தால் பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொள்ளலாம், இப்போது இணையத்திலும் எடுக்கலாம். புகைப் பரிசோதனை குழாயிலிருந்து வரும் புகையைத்தான் அளக்கிறது, பிரேக்கை அல்ல. ஆகவே கண்ணாடியில் திகதி சரியாக இருக்கிறது என்பதற்காக வண்டி பாதுகாப்பானது என்றோ, வாடகைக்கு ஓட அனுமதி பெற்றது என்றோ முடிவு செய்யக்கூடாது. லொறி, பஸ் போன்றவற்றுக்கு வண்டியின் தகுதியைப் பார்க்கும் தகுதிச் சான்றிதழ் தனியாக இருக்கிறது.

இலக்கத்தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள், மஞ்சள் தகடு என்றால் வாடகை வண்டி என்று சொல்வார்கள். இந்தியாவில் அது சரி. இங்கே எங்கள் வீட்டுக் காருக்கும் பின் தகடு மஞ்சள்தான், முன் தகடு வெள்ளை. நிறத்தை வைத்து இங்கே எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது தளம் மாகாணம். 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின்படி, மாகாணத்துக்குள் நடக்கும் வீதிப் பயணிகள் சேவைகளை ஒழுங்குபடுத்துவது மாகாண சபையின் அதிகாரம். மாகாணங்களுக்கு இடையில் ஓடும் பஸ்களைப் பார்ப்பது 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. கொழும்பு இருப்பது மேல் மாகாணத்தில் ஆதலால், இங்கு வாடகைக்கு ஓடும் முச்சக்கர வண்டிகளைப் பதிவு செய்யும் வேலை மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிடம் இருக்கிறது. இந்தப் பதிவு ஏன் தேவை என்பதை எங்கள் எல்லோருக்கும் கற்பித்தது 2022 ஆம் ஆண்டு. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறை வந்து, ஓட்டோவுக்கு வாரம் ஐந்து லீற்றர் என்று பங்கிட்டபோது, அந்த ஐந்து லீற்றர் வீட்டுத் தேவைக்கு வைத்திருப்பவருக்குப் போதுமாக இருந்தது. அதை வைத்துச் சோறு தின்பவருக்கு ஒன்றரை நாளைக்கும் காணவில்லை. தொழில் செய்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றால், யார் தொழில் செய்பவர்? நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் பதினொரு இலட்சத்துக்கும் மேல். சாரதி அட்டையும் தகடும் வருமானப் பத்திரமும் இதற்கு விடை சொல்லவில்லை. தனியாகப் பதியச் சொல்லிக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

சொந்த ஓட்டோ, வாடகை ஓட்டோ என்ற பிரிவே இப்படி மங்கலாக இருக்கும்போது, இங்கிலாந்து போல டாக்சி, முன்பதிவுக் கார் என்ற பிரிவை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஒரே ஓட்டோ காலையில் கொள்ளுப்பிட்டி ஓட்டோத் தரிப்பிடத்தில் நின்று கை காட்டுபவரை ஏற்றும், மத்தியானம் செயலியில் வரும் பதிவை ஏற்கும், மாலையில் மாதச் சம்பளத்துக்குப் பிள்ளைகளை வகுப்புக்கு ஏற்றும். மூன்றும் ஒரே சாரதி, ஒரே வண்டி, ஒரே தாள்கள்.

செயலி கேட்கும் தாள்

பிக்மீ, ஊபர் ஆகிய இரண்டு செயலிகளும் கொழும்பில் 2015 இல் ஓடத் தொடங்கின. சேரவரும் சாரதியிடம் அவை சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றைப் படமெடுத்துப் போடச் சொல்கின்றன. பயணியின் கைபேசியில் சாரதியின் முகம், வண்டியின் இலக்கம், வந்த பாதை எல்லாம் பதிவாகின்றன. இங்கிலாந்தில் ஒப்பரேட்டர் செய்யும் வேலையின் பெரும்பகுதி இதுதான். வேறுபாடு என்னவென்றால், அங்கே அதைச் செய்யாவிட்டால் அதிகார சபை ஒப்பரேட்டர் அனுமதியைப் பறிக்கும். 2017 இலும் 2019 இலும் ஊபருக்கு அனுமதியைப் புதுப்பிக்க லண்டன் அதிகார சபை மறுத்து, அது நீதிமன்றம் போய் மீண்டது. ஒரு நிறுவனம் தன் சாரதிக்கு வைக்கும் நிபந்தனையும் அரசு வழங்கும் அனுமதியும் ஒன்றல்ல. "செயலியில் இருக்கிறார், ஆகவே லைசன்ஸ் உள்ளவர்" என்று சொல்லும்போது நாம் முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொள்கிறோம்.

காப்புறுதியில் ஒரு வரி

இவ்வளவும் வெறும் வகைப்பாடுதானே என்று தோன்றினால், காப்புறுதிக்கு வாருங்கள். எங்கள் உறவினர் ஒருவர் வீட்டுப் பாவனைக்கு என்று எடுத்த சிறிய காரில், வார இறுதிகளில் தெரிந்தவர்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏற்றி இறக்கி வந்தார். பெற்றோல் காசோடு கொஞ்சம் மேலதிகம், அவ்வளவுதான். ஒரு நாள் விடிய நாலு மணிக்கு வத்தளையில் ஒரு லொறி இடித்தது. யாருக்கும் பெரிய காயமில்லை. இழப்பீடு கேட்டபோது காப்புறுதிக் காரர் வந்து, பின்னால் இருந்தவரிடம் "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அவரும் சூதுவாது இல்லாமல், "சொந்தமில்லை, ஹயருக்குப் பிடிச்சது" என்று சொல்லிவிட்டார். கோரிக்கை அத்தோடு நின்றது.

உறவினர் அந்த நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார். நான் அவருடைய சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். கீழே, கண்ணாடி போட்டுத்தான் வாசிக்க வேண்டிய எழுத்தில், பாவனைக்கான வரையறை என்ற பகுதியில், வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்துவதை இந்தக் காப்புறுதி உள்ளடக்காது என்று இருந்தது. சட்டம் எல்லா வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதாவது, நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்புறுதி. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்தைப் பற்றிய ஒப்பந்தமோ இந்தப் பாவனை வரியில்தான் தொங்குகிறது. வாடகை வண்டி நாள் முழுக்க ஓடும், இரவிலும் ஓடும், அறியாத ஆட்களை ஏற்றும். ஆபத்து கூடுதலாக இருப்பதால் தவணைப் பணமும் கூடுகிறது. அவர் இப்போது ஹயர் காப்புறுதிக்கு மாறிவிட்டார், விமான நிலையக் கூலியையும் கூட்டிவிட்டார்.

"கேன்சல் பண்ணிட்டு வாங்கோ"

கடைசியாக, கொழும்பில் வாரம் ஒரு தடவையாவது காதில் விழும் ஒரு வசனம். செயலியில் பதிவு செய்து, வண்டி வந்து, ஏறி உட்கார்ந்த பின் சாரதி திரும்பி, "அதைக் கேன்சல் பண்ணிடுங்கோ, அதே காசை என்ட கையில தாங்கோ" என்பார். செயலி நிறுவனம் பிடிக்கும் கழிவுக் காசு அவருக்கு மிச்சம், நமக்கும் நட்டமில்லை என்று தோன்றும். அவருடைய கணக்கு எனக்கு விளங்குகிறது, கழிவு கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் விரல் அந்தப் பொத்தானை அழுத்திய நொடியில் அங்கே மாறியது எது என்று பாருங்கள். சாரதி அதே ஆள், அவருடைய அட்டை செல்லுபடியாகும். வண்டி அதே வண்டி, கண்ணாடியில் திகதியும் சரி. ஆனால் முன்பதிவுப் பயணம் தெருவில் கை காட்டி ஏறிய பயணமாகிவிட்டது. அதற்குரிய மீற்றரும் ஓடவில்லை. எந்தப் பாதையில் போகிறோம் என்பதை யாரும் பதியவில்லை. பையை ஆசனத்தில் மறந்துவிட்டு இறங்கினால், நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்கும்போது அவர்கள் திரையில் இருப்பது ஒரே வரிதான்: பயணியால் இரத்துச் செய்யப்பட்டது.